பாச்சை உருண்டைக்கு வானத்தில் உறவுக்காரர்கள்

எம்.எஸ்ஸி. வேதியியல் முதல் வருஷம். நவம்பர் மாதம், சென்னையில் அடைமழை. அகச்சிவப்பு நிறமாலை எடுக்கும் பயிற்சியில் எனக்கு வந்த பொருள் நாஃப்தலீன். பெயர்தான் பெரிது, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே போட்டு வைக்கிற பாச்சை உருண்டைதான் அது. அதில் ஒரு துளியை பொட்டாசியம் புரோமைடு உப்போடு சேர்த்துச் சின்னக் கல்வத்தில் மாவாக அரைக்க வேண்டும். அச்சில் போட்டு அழுத்தினால் சட்டைப் பொத்தான் அளவில், கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு வில்லை வரும். மழைக்காலத்தில் அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும், வில்லை பால்போல் வெளுத்துவிடும். எனக்கு முதல் மூன்று வில்லைகள் அப்படித்தான் போயின. நாலாவது தேறியது.

கருவி ஓட ஆரம்பித்தது. தாளில் கோடு நேராக வந்துகொண்டே இருந்து, சில இடங்களில் மட்டும் சரேலென்று கீழே இறங்கி ஏறியது. 3050 என்ற அலை எண்ணுக்கு (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற கணக்கு) பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். 1600-ஐ ஒட்டி இன்னொன்று. 780 பக்கம் கிணறு மாதிரி ஒன்று. பயிற்சி நடத்திய ஆசிரியை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “மூவாயிரத்தத் தாண்டி இருக்கு பாரு. பென்சீன் வளையத்துல இருக்குற ஹைட்ரஜன். கண்ண மூடிட்டு எழுது” என்றார். எழுதினேன். பயிற்சி நோட்டில் கையெழுத்து வாங்கினேன். அத்தோடு அதை மறந்துவிட்டேன்.

ரொம்ப வருஷம் கழித்து, வேலைக்குப் போய், வீட்டு மொட்டைமாடியில் பைனாகுலரோடு நட்சத்திரம் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பற்றி ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியில் 3.3 மைக்ரானில் ஒரு மேடு, 6.2-ல் ஒன்று, 7.7, 8.6, 11.3 என்று வரிசையாக மேடுகள் என்று இருந்தது. வானியல்காரர்கள் மைக்ரானில், அதாவது அலையின் நீளத்தில் பேசுவார்கள், நாங்கள் அலை எண்ணில் பேசுவோம். மாற்றுவது எளிது: பத்தாயிரத்தை வகுத்தால் போதும். கையில் கிடைத்த பால் பில்லின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 10,000-ஐ 3.3-ஆல் வகுத்தால் 3030. 6.2-ஆல் வகுத்தால் 1613.

என் நோட்டில் கையெழுத்து வாங்கிய அதே இரண்டு இடங்கள். எனக்கு அங்கே பள்ளம், ஏனென்றால் என் வில்லை ஒளியை விழுங்கியது. 1,350 ஒளியாண்டுக்கு அப்பால் மேடு, ஏனென்றால் அங்கே ஏதோ ஒன்று அந்த ஒளியை உமிழ்கிறது. அன்று ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை. அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்ற கேள்வியைத்தான் அன்றிலிருந்து துரத்திக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது 11.3. ஃப்ரெட் ஜில்லெட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1973-ல் என்ஜிசி 7027 போன்ற கோள் நெபுலாக்களை, அதாவது ஆயுள் முடியும் நட்சத்திரங்கள் உதறிவிட்ட வாயுக் கூடுகளை, அளந்தபோது அது தெரிந்தது. தனி அணுக்கள் தரும் கோடுகள் ஊசிபோல் ஒல்லியாக இருக்கும். இது அகலமாக இருந்தது. எதனுடையது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 6.2, 7.7 மேடுகளைத் தரையிலிருந்து பார்க்கவே முடியாது, நம் காற்றில் இருக்கும் நீராவி அவற்றை முழுங்கிவிடும். அதற்காக நாசா ஒரு ராணுவச் சரக்கு விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியை உள்ளே வைத்தது. கைப்பர் வான்வழி ஆய்வகம் என்று பெயர். பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் நீராவியில் பெரும்பகுதி காலுக்குக் கீழே போய்விடும். 1977 வாக்கில் அந்த விமானம் மீதி மேடுகளையும் கொண்டுவந்தது. ‘அடையாளம் தெரியாத அகச்சிவப்புப் பட்டைகள்’ என்றே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதினார்கள். பெயர் வைக்கத் தெரியாததையே பெயராக வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தவர் கிறிஸ் செல்க்ரன். அவர் எடுத்துக்கொண்டது எதிரொளிப்பு நெபுலாக்கள், அதாவது பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் பட்டுத் தெரியும் தூசு மேகங்கள். என்ஜிசி 7023 அதில் ஒன்று. நட்சத்திரத்திலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் தூசு நூறு கெல்வினைக்கூடத் தொடாது. அப்படிப்பட்ட குளிர்ந்த தூசு 2, 3 மைக்ரானில் ஒளிரவே கூடாது. ஆனால் அவர் அளந்த ஒளி, ஏறக்குறைய ஆயிரம் கெல்வின் சூட்டில் இருக்கும் பொருளிலிருந்து வருவது மாதிரி இருந்தது. சரி, நட்சத்திரத்தை ஒட்டிய இடமாக இருக்கும் என்று நினைத்தால், தள்ளித் தள்ளி அளந்தபோதும் அதே ஆயிரம். அடுப்பை விட்டு நகர நகரச் சூடு குறைய வேண்டும். இங்கே வெளிச்சம் மங்கியது, சூடு மட்டும் குறையவே இல்லை.

விடை தூசின் அளவில் இருந்தது. ஒரு பாலாடை கொதிநீரை அண்டாத் தண்ணீரில் ஊற்றினால் அண்டாவுக்குத் தெரியவே தெரியாது. அதையே ஒரு கரண்டித் தண்ணீரில் ஊற்றினால்? சாதாரணத் தூசுத் துகள் அண்டா மாதிரி. அதில் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கும், ஒரு புற ஊதா ஃபோட்டான் வந்து மோதினாலும் அந்த ஆற்றல் எல்லாருக்கும் பங்கு பிரிந்து காணாமல் போய்விடும். ஆனால் ஐம்பதோ எண்பதோ அணுக்கள்தான் மொத்தமே என்றால், ஒரே ஒரு ஃபோட்டான் போதும். குப்பென்று ஆயிரம் கெல்வினுக்கு ஏறிவிடும். ஏறிய ஆற்றலைச் சில வினாடிகளில் அகச்சிவப்பு ஒளியாக உதிர்த்துவிட்டு மறுபடி ஜில்லென்று ஆகிவிடும். தூரத்துக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் போனது இதனால்தான். தள்ளிப் போகப் போக வந்து சேரும் ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் குறையும், ஒவ்வொன்றின் பலம் குறையாது. மின்மினிகளின் எண்ணிக்கை குறைவது மாதிரி. ஒவ்வொரு மின்மினியும் அதே பிரகாசத்தில்தான் மின்னும்.

ஒரே ஃபோட்டானில் ஒரு குட்டித் துகள் இப்படிச் சூடாகலாம் என்று காகிதத்தில் முன்பே சிலர் எழுதியிருந்தார்கள். செல்க்ரன்தான் 1984-ல் வானத்திலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டினார். பக்கத்தில் பெரிய நட்சத்திரம் எதுவும் இல்லாத சாதாரண விண்வெளியில், அப்படி ஒரு மூலக்கூறுக்கு ஒரு புற ஊதா ஃபோட்டான் வாய்க்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். வருஷத்தில் சில வினாடிகள் மின்னல், மற்ற நேரமெல்லாம் இருட்டு. அப்படி மின்னும் எண்ணற்ற மூலக்கூறுகள் சேர்ந்துதான் நம் பால்வெளி முழுக்க இந்த ஒளியைப் பரப்புகின்றன.

ஐம்பது அணுக்கள் கொண்ட ஒன்றைத் துகள் என்று சொல்லவே எனக்கு வாய் வராது. வேதியியல் படித்தவளுக்கு அது மூலக்கூறு. எந்த மூலக்கூறு?

அதே 1984-ல் பிரான்ஸில் அலென் லெஜேயும் ஜான் லூ பியூஜேயும் ஒரு பதில் சொன்னார்கள்: பல்வளைய அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள், சுருக்கமாக பி.ஏ.எச். கோழிக்கூண்டுக்குக் கட்டுகிற அறுகோணக் கம்பிவலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒரு கார்பன், வெட்டிய ஓரம் முழுக்க ஹைட்ரஜன். இரண்டே இரண்டு கண் உள்ள துண்டு என்றால் அதுதான் நாஃப்தலீன். ஓரத்து ஹைட்ரஜன் கார்பனை விட்டு முன்னும் பின்னும் இழுபடும்போது 3.3. கார்பன்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது 6.2. தட்டையான வலையின் ஓரத்தில் ஹைட்ரஜன்கள் மேலும் கீழும் விசிறி மாதிரி அடித்துக்கொள்ளும்போது 11.3. எல்லா மேடுகளும் இப்படி ஒரே குடும்பத்தின் ஆட்டத்தில் வந்து உட்கார்ந்தன.

அடுத்த வருஷம் லூயி அலமண்டோலா, ஸாண்டர் டீலன்ஸ், ஜான் பார்க்கர் மூவரும் ஒரு வேலை செய்தார்கள். கார் புகைக்கரியின் ராமன் நிறமாலையை ஓரியன் நெபுலாவின் அகச்சிவப்பு நிறமாலைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். இரண்டும் உடன்பிறப்பு மாதிரி இருந்தன. கட்டுரைத் தலைப்பிலேயே பால்வெளி நெடுக வண்டிப் புகை என்று போட்டுவிட்டார்கள். ராமன் விளைவு நம் ஊர்க்காரர் பெயரைச் சுமப்பது என்பதால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் உண்டு.

கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் தூசு பனித்துகள் என்று பெரும்பாலோர் எண்ணிய காலத்தில், 1962-லேயே ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து, அது கிராஃபைட்டாக, அதாவது கார்பனாக இருக்கலாம் என்று எழுதியவர். பிற்காலத்தில் அந்தத் தூசில் பாக்டீரியா இருக்கிறது என்றெல்லாம் அவர்கள் போனதை அறிவியல் உலகம் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. அதற்காக அந்த முதல் பார்வையை மறப்பது நியாயம் இல்லை.

புகைக்கரி என்றதும் எனக்கு எங்கள் ஆச்சிதான் ஞாபகத்துக்கு வருவாள். கண்மை கடையில் வாங்க விடமாட்டாள். வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்து, திரி திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவாள். இரண்டு செங்கல் நிறுத்தி, சுடருக்கு மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்ப்பாள். காலையில் தட்டின் அடியில் வெல்வெட் மாதிரி கரி படிந்திருக்கும், விரல் வைத்தால் கோலம் விழும். காற்று போதாத சுடரில் எண்ணெய் உடைந்து, அசெட்டிலீன் போன்ற சின்னத் துண்டுகள் ஆகி, அவை கைகோத்து வளையமாகி, வளையங்கள் ஒட்டி வலையாகி, வலைகள் அடுக்கிக் கரியாகின்றன. கார்பன் மிகுந்த கிழட்டு நட்சத்திரங்கள் வெளியே ஊதும் வாயுவிலும் ஏறக்குறைய இதே வேதியியல்தான் நடக்கிறது என்பது பலரின் கணிப்பு. விண்மீன்களுக்கு இடையில் இருக்கும் மொத்தக் கார்பனில் பத்தில் ஒரு பங்காவது இந்தக் குடும்பத்திடம் இருக்கும் என்கிறார்கள்.

குடும்பம் தெரிந்துவிட்டது. ஆட்களைத் தெரியவில்லை. கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நின்று கேட்பது மாதிரி இது. நாயனம் கேட்கும், தவில் கேட்கும், கெட்டிமேளம் எப்போது என்றுகூடச் சொல்லலாம், உள்ளே உட்கார்ந்திருப்பது யார் யார் என்று சொல்ல முடியாது. அகச்சிவப்பு ஒளி பிணைப்பைத்தான் அடையாளம் காட்டுகிறது. பென்சீன் வளையத்து ஹைட்ரஜன் இரண்டு வளையத்தில் இருந்தாலும் ஐம்பது வளையத்தில் இருந்தாலும் 3.3-ஐ ஒட்டியே ஆடும். வானத்தில் நூற்றுக்கணக்கான வகைகள் ஒன்றாக ஆடும்போது மேடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழைந்துவிடுகின்றன. என் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னது வளையம் என்பதை மட்டும்தான். நாஃப்தலீன் என்பது எனக்கு பாட்டில் லேபிளைப் பார்த்துத் தெரிந்தது. வானத்தில் லேபிள் கிடையாது.

அகச்சிவப்பில் ஆள் அடையாளம் சரியாகத் தெரிந்தது பந்து வடிவ ஃபுல்லரீனுக்குத்தான். அறுபது கார்பன்கள் கால்பந்து மாதிரி சேர்ந்த மூலக்கூறு. அத்தனை சீரான உருவம் என்பதால் அதற்கு நாலே நாலு பட்டைகள். 2010-ல் ஜான் கமியின் குழு ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவில், ஒரு கோள் நெபுலாவில் அதைப் பிடித்தது. ஆனால் அது வேறு குடும்பம், கம்பிவலை இல்லை.

இந்தத் தெளிவின்மையால் சிலர் அடிப்படையையே கேள்வி கேட்கிறார்கள். ஹாங்காங்கில் இருந்த சுன் குவோக்கும் யோங் ஜாங்கும் 2011-ல், இவை தனி மூலக்கூறுகளே இல்லை, வளையங்களும் சங்கிலிகளும் தாறுமாறாகப் பின்னிய, நிலக்கரி மாதிரியான நுண்துகள்கள் என்று எழுதினார்கள். 3.3-க்குப் பக்கத்தில் 3.4-ல் ஒரு சின்ன மேடு இருப்பதை அவர்கள் சுட்டுகிறார்கள், அது சங்கிலிக் கார்பனின் அடையாளம். அந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனாலும் ஒரு ஃபோட்டானில் ஆயிரம் கெல்வின் ஏற வேண்டும் என்றால் உருவம் ரொம்பச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும், அதனால் என் மனசு இன்னும் மூலக்கூறு பக்கமே நிற்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஓரியன் பட்டை என்ற பகுதியைப் பார்த்தபோது, கடும் புற ஊதா படும் பக்கத்தில் சங்கிலி வகையும் சின்ன உருவங்களும் அழிந்துபோய், பெரிய, உறுதியான வலைகள் மிஞ்சுவது தெரிந்தது.

அப்புறம், நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து பெயர்கள் வர ஆரம்பித்தன.

ரிஷப ராசியில் 430 ஒளியாண்டு தூரத்தில் ஓர் இருட்டு மேகம் இருக்கிறது, டிஎம்சி-1 என்று பெயர். சூடு பத்து கெல்வின்தான். நட்சத்திர ஒளி உள்ளே நுழையாது. அந்தக் குளிரில் மூலக்கூறுகள் அதிரவும் முடியாது, மெல்லச் சுழல மட்டும் முடியும். அந்தச் சுழற்சி ரேடியோ அலையில் தெரியும், அது கைரேகை மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனி, குழப்பமே வராது. ஒரு சிக்கல் உண்டு. நாஃப்தலீன் ரேடியோவில் பேசாது. அது அத்தனை சமச்சீரானது, மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் மூலக்கூறுதான் சுழலும்போது ரேடியோ அலை வீசும். ஆனால் ஓரத்து ஹைட்ரஜன் ஒன்றைக் கழற்றிவிட்டு கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோ என்ற வாலை ஒட்டினால் சமநிலை கெட்டு, உரக்கப் பேச ஆரம்பித்துவிடும்.

பிரெட் மக்வயரின் குழு அமெரிக்காவின் நூறு மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கியால் அந்த மேகத்தைக் கேட்டது. 2018-ல் வால் முளைத்த பென்சீன். 2021-ல் வால் முளைத்த நாஃப்தலீன். அந்தச் செய்தியைப் படித்தபோது அலுவலக பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவரிடம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது: எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிற பாச்சை உருண்டைங்க, வால் மட்டும்தான் கூடுதல், அங்கே மேலே இருக்கு. 2024-ல் நாலு வளைய பைரீன், அதற்கும் வால். 2025-ல் ஏழு வளைய கொரோனீன், 24 கார்பன் வலை. வால் உள்ளவை இவ்வளவு இருந்தால், பேசாத வால் இல்லாதவை எவ்வளவோ அதிகமாக இருக்க வேண்டும்.

இதில்தான் என்னைப் பிடித்து உட்கார வைக்கும் விஷயம் இருக்கிறது. டிஎம்சி-1-ல் இந்த மூலக்கூறுகள் அகச்சிவப்பில் ஒளிர்வதில்லை. புற ஊதா உள்ளே வராதே, யார் சூடேற்றுவது? ஓரியனில் ஒளிர்கிறது, யார் என்று தெரியவில்லை. ரிஷபத்தில் யார் என்று தெரிகிறது, ஒளி இல்லை. ஒளிரும் வலைகளுக்கு ஐம்பது கார்பன் வாக்கில் இருக்க வேண்டும், பெயர் தெரிந்ததில் பெரியது 24. இன்னும் நடுவே பாதி தூரம் கிடக்கிறது. ஒரு காலத்தில் பத்து கெல்வின் குளிரில் இவ்வளவு பெரிய வளையங்கள் இருக்கவே முடியாது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் 2020 டிசம்பரில் ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண் கொண்டுவந்தது. அதில் இருந்த நாஃப்தலீனிலும் பைரீனிலும் கன கார்பன் (எடை கொஞ்சம் கூடிய கார்பன் அணு) சேர்ந்திருந்த விதம், அவை குளிர்ந்த மேகத்தில் உருவானவை என்பதைக் காட்டியது. கிழட்டு நட்சத்திரத்தின் அடுப்பு மட்டும் இல்லை, குளிரிலும் இந்த வலை பின்னப்படுகிறது. ஆச்சியின் விளக்கு எனக்குக் கற்றுக்கொடுத்தது பாதி வழிதான் போலிருக்கிறது.

தூரத்தில் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிடி0418-47 என்ற விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை அடைய 1,200 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2023-ல் ஜேம்ஸ் வெப் தரவில் அதன் 3.3 மைக்ரான் மேட்டைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பிரபஞ்சம் விரிந்ததில் அந்த அலை ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு, 17 மைக்ரான் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தது. பிரபஞ்சத்துக்கு நூற்றைம்பது கோடி வயதுகூட ஆகாத காலத்தில் ஒரு கார்பன் வளையத்தின் ஓரத்தில் ஹைட்ரஜன் ஆடிய ஆட்டம் அது.

போன மார்கழியில் அண்ணன் மகள் வந்திருந்தாள், ஏழு வயது. ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். தென்கிழக்கே ஓரியன் நன்றாக ஏறியிருந்தது, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களும் அவற்றுக்குக் கீழே புகைத்த மாதிரி நெபுலாவும். பைனாகுலரில் காட்டினேன். தலைக்கு நேர் மேலே ரோகிணி செம்மஞ்சளாக நின்றது. ரோகிணியிலிருந்து கையை நீட்டி ஒரு முட்டி அளவு வடக்கே போனால் டிஎம்சி-1 வரும் என்று சொன்னேன். அவள் முட்டி சின்னது, ஆனால் கையும் அதே கணக்கில் குட்டை என்பதால் அளவு சரியாகவே வரும். ஒரு கண்ணை மூடி, முட்டியை ரோகிணிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

“இங்கயா அத்தை?”

அங்கேதான்.